இரண்டாவது மதிப்பாய்வாளர்

பிப்ரவரி 6, வியாழன்

எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் கைபேசியை எடுத்து மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்தேன். ஏறியிருக்கிறது. பிரேசிலில் யாரோ ஒருவர், மலேசியாவில் யாரோ இருவர், என் ஆய்வுக்கட்டுரையைத் தங்கள் கட்டுரையில் சுட்டியிருக்கிறார்கள். அவர்கள் கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் சொந்தக்காரர்கள் வீடு தேடி வந்ததுபோல ஒரு சந்தோஷம்.

என் கணவர் குவாமெனா கஞ்சியும் காராமணி வடையும் வாங்கி வந்திருந்தார். "என்ன மேடம், இன்னைக்கு ஏறிச்சா, இறங்கிச்சா?"

"இது இறங்காதுங்க. ஏறத்தான் செய்யும்."

"இறங்கவே இறங்காத ஒரு சந்தை உலகத்துல இருக்கா? தெரியாம நான் கணக்கு வாத்தியாராப் போயிட்டேனே!"

சிரிக்கட்டும். பேராசிரியர் பதவிக்கான என் கோப்பு ஜனவரியிலேயே அக்ராவுக்குப் போய்விட்டது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் என் முகத்தையா பார்க்கப் போகிறார்கள்? எண்ணைத்தான் பார்ப்பார்கள். என் எண்ணில் பாதிக்கு மேல் அந்த ஒரே கட்டுரை தருவது. கோகோ மரத்தின் தண்டு வீங்கி, இலை வெளுத்து, மரமே பட்டுப்போகும் நோய். அதன் வைரஸ் மரத்துக்குள் இருப்பதை, வீக்கம் தெரியும் முன்பே, பச்சை இலையை வைத்துக் கண்டுபிடிக்கும் சோதனை. ‘மறைந்த தொற்று’ என்று நான் வைத்த பெயர் இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சோதனைக்கே என் பெயரைச் சேர்த்து ‘ஒஃபொசு சோதனை’ என்று பெயர் விழுந்துவிட்டது. கட்டுரையில் என்னோடு ஐந்து பேர் உண்டு. அவர்களை உலகம் ‘மற்றும் பிறர்’ என்கிறது.

மதியம் ஓர் ஆய்விதழிலிருந்து மெயில். ஒரு கட்டுரையை மதிப்பாய்வு செய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். நாளைக்குப் பார்க்கலாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

எழுதியவர் எஸ்தெல் ங்கோனோ, யாவுண்டே, கேமரூன். கேள்விப்படாத பெயர், கேள்விப்படாத லேப். மதிப்பாய்வில் அவர் பெயர் எனக்குத் தெரியும், என் பெயர் அவருக்குத் தெரியாது. இது எங்கள் தொழிலின் வழக்கம்.

அவர் சொல்வது இது. எந்தக் காலத்திலோ ஒரு வைரஸின் துண்டு கோகோ மரத்தின் சொந்த டி.என்.ஏ.வுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. செத்த துண்டு. நோய் தராது, ஒன்றும் செய்யாது. தாய் மரத்திலிருந்து விதைக்கு, விதையிலிருந்து அடுத்த மரத்துக்கு என்று சும்மா வந்துகொண்டிருக்கிறது. சில ரகங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. ஒஃபொசு சோதனை அந்தச் செத்த துண்டைப் பார்த்துவிட்டுத்தான் ‘வைரஸ், வைரஸ்’ என்கிறது. அப்படியானால் வீக்கமே இல்லாமல் நான் கண்டுபிடித்த ‘மறைந்த தொற்று’? தொற்றே இல்லையாம். அவ்வளவும் ஆரோக்கியமான மரங்களாம்.

திருடன் இருக்கிறானா பார் என்றால், சுவரில் மாட்டியிருக்கும் பழைய படத்தைக் காட்டி ஊரைக் கூட்டியிருக்கிறேனா நான்?

இருக்காது. சின்ன லேப். மாதிரிகள் கலந்து போயிருக்கும். அங்கே மின்சாரம்கூட ஒழுங்காக இருக்காது. (நம் லேபில் மட்டும் இருக்கிறதாக்கும்.)

படிவத்தில் ஒரு கேள்வி: இந்தக் கட்டுரையின் முடிவால் உங்களுக்கு லாப நஷ்டம் உண்டா? ‘இல்லை’ என்று குறித்தேன்.

பிப்ரவரி 12, புதன்

வலைக்கூடத்தைத் தாண்டித்தான் தினமும் லேபுக்குப் போகிறேன். மாவுப்பூச்சி நுழைய முடியாத பின்னலுக்குள் விதையிலிருந்தே வளர்த்த செடிகள். அந்தப் பூச்சிதான் வைரஸைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் போவது. பூச்சி இல்லையென்றால் வைரஸ் இல்லை. அங்கிருந்து நாலு இலையைப் பறித்து என் சோதனையையே ஓட்டினால் போதும். ‘இல்லை’ என்று வந்தால் ங்கோனோ உளறுகிறார். ‘உண்டு’ என்று வந்தால்... ஒரு பிற்பகல் வேலை.

செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று யாரும் கேட்கப் போவதில்லை, நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்துவிட்டால் சொல்லியாக வேண்டும். தெரியாத வரைக்கும் நான் நல்லவள்.

பிப்ரவரி 21, வெள்ளி

மதிப்பாய்வு அனுப்பிவிட்டேன். நான் எழுதியதிலேயே இவ்வளவு மரியாதையான எழுத்து வேறு கிடையாது. ‘மிகவும் சுவாரசியமான ஆய்வு.’ ‘ஆயினும் இன்னொரு பருவத்தின் இலைகளையும் சோதிப்பது முடிவுகளுக்கு வலுச் சேர்க்கும்.’ ‘வேறு மூன்று நாடுகளின் ரகங்களையும் சேர்க்கலாம்.’ கடைசியில், ‘கீழ்க்காணும் இரண்டு கட்டுரைகளையும் கட்டுரையாளர் சுட்டுவது பொருத்தமாக இருக்கும்’ என்று என்னுடைய இரண்டைப் போட்டேன்.

நிராகரிக்கவில்லை. அதுதான் சாமர்த்தியம். நிராகரித்தால் வேறு ஆய்விதழுக்குப் போய்விடுவார். ‘இன்னும் கொஞ்சம் செய்யுங்கள்’ என்றால் ஒரு வருடம் உட்காருவார். அதற்குள் அக்ராவில் என் வேலை முடிந்துவிடும்.

ஆசிரியர் குழுவிலிருந்து உடனே பதில் வந்தது. ‘இவ்வளவு ஆழமான மதிப்பாய்வுக்கு நன்றி.’

சீ.

மார்ச் 12, புதன்

இன்று அப்ரெமாசு கிராமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கொனாடு அம்மா. என் சோதனையில் ‘உண்டு’ என்று வந்த மரங்களை வெட்டும் அரசுப் படை தோட்டத்துக்குப் போனபோது அரிவாளோடு குறுக்கே நின்றாராம். "டெஸ்ட் எடுத்த டாக்டர் கிட்டயே கேட்டுக்கோங்க" என்று அவர்களே ஜீப்பில் கூட்டிவந்து என் அறையில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

நல்ல உயரம். நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு கிளையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "மேடம், நீங்களே பாருங்க. எங்கயாச்சும் வீங்கியிருக்கா? இலை வெளுத்திருக்கா? இந்தப் பருவத்துல காய் எப்படிக் காய்ச்சுதுன்னு வந்து பாருங்க. இதையா வெட்டச் சொல்றீங்க? என் பொண்ணு பீட்ரிஸ் நர்சிங் ரெண்டாம் வருஷம் படிக்கிறா. இந்த மரம் படிக்க வைக்குது அவளை."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ‘அம்மா, கொஞ்சம் பொறுங்க, எனக்கே ஒரு சந்தேகம் இருக்கு’ என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை!

பலகையில் படம் போட்டு விளக்கினேன். மறைந்த தொற்று என்றால் என்ன, மரம் எப்படிப் பச்சையாக இருந்துகொண்டே பக்கத்து மரத்துக்கு நோய் தரும், எல்லாம். ஆறு வருடமாக மாநாடு மாநாடாகப் போய்ப் பேசிய பேச்சு, சொல்லவா வேண்டும், அருவி மாதிரி கொட்டியது. பேசப் பேச அவர் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். நிறுத்தவில்லை.

கடைசியில் கிளையை என் மேசைமேல் வைத்தார். "அப்ப என் மரம் பக்கத்துத் தோட்டத்தையும் கெடுத்துரும்கிறீங்க."

"ஆமாம்மா."

"படிச்ச பொம்பள, எங்களுக்குப் புரியிற மாதிரி சொன்னீங்க. அந்தப் பசங்க வந்து மரத்துல சிவப்புப் பெயின்ட அடிச்சிட்டுப் போனானுங்களே ஒழிய ஒருத்தனும் வாயத் திறக்கல. கடவுள் உங்களை நல்லா வைக்கட்டும்."

கையெடுத்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 13, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. குவாமெனாவிடம் வயிற்றுக் கோளாறு என்றேன்.

மார்ச் 28, வெள்ளி

கொனாடு அம்மா ஃபோன் செய்தார். மரமெல்லாம் வெட்டியாயிற்றாம். ஊரில் இன்னும் சிலர் படையை உள்ளே விட மாட்டேன் என்று அடம் பிடித்தார்களாம், இவரே வீடு வீடாகப் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்தாராம். "நீங்க பலகையில போட்டீங்களே படம், அதே மாதிரி நானும் மண்ணுல குச்சியால போட்டுக் காட்டினேன் மேடம். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க!" குரலில் ஒரு பெருமை.

என் அறிவியலை இவ்வளவு நேர்மையாகப் பரப்பியவர் உலகத்தில் யாரும் இல்லை. ஃபோனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுது என்ன செய்ய? அழுகை வந்தால் நல்லவள் ஆகிவிடுவேனா?

வலைக்கூடத்து இலை? இன்னும் பறிக்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

அக்ரா. நேர்காணல். ஒருவர் என் சோதனையைப் பற்றிக் கேட்டார், "பொய்யாக ‘உண்டு’ காட்ட வாய்ப்பு இருக்கிறதா?" என்று. மிக மிகக் குறைவு என்றேன். இன்னொருவர் எண்ணைப் படித்துவிட்டு, "இந்த நாட்டில் இந்தத் துறையில் இதற்கு மேல் யாருக்கும் இல்லை" என்று மற்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மே 4, ஞாயிறு

சர்ச்சில் நன்றி ஆராதனை. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "பேராசிரியர் ஆனதுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்ல மாட்டேன்னு சொல்ற பொம்பளையை இப்பத்தான் பாக்கறேன்" என்று குவாமெனா தையல்காரரிடம் ஆராதனைக்கு உடுத்த வெள்ளைத் துணியே எடுத்துக் கொடுத்துவிட்டார். எங்கள் ஆய்வு நிலையத்திலிருந்து ஒரு பஸ் நிறைய வந்தார்கள். பெயரைச் சொன்னதும் எல்லோரும் எழுந்து, வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு, என்னை நடுவில் விட்டுக் காணிக்கைத் தட்டு வரை ஆடிக்கொண்டே கூட்டிப்போனார்கள். ட்ரம்பெட் காதைக் கிழித்தது. நானும் ஆடினேன். என்ன செய்ய, கால் தன்னால் ஆடியது.

பாஸ்டர் சொன்னார்: "நம்ம சகோதரி கண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடிச்சவங்க!" கைதட்டல்.

மரம் போன அப்ரெமாசுவில் இப்போது வெயில் நேராகத் தரையில் விழும் என்று நினைத்துக்கொண்டேன். ஆடும்போதே நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

விதைத் தோட்டப் பொறுப்பாளர் டெட்டே காலையில் என் அறைக்கு ஓடிவந்தார். எப்போதும் வம்பு பேசிக்கொண்டு வருகிறவர், முகம் வெளிறிப் போயிருந்தது. வெட்டிய தோட்டங்களுக்குக் கொடுக்க வளர்த்த கன்றுகளை அனுப்பும் முன் என் லேபில்தான் சோதித்தார்கள். பாதிக்குப் பாதி ‘உண்டு’.

"ப்ரொஃப், இதெல்லாம் வலைக்குள்ள வளர்ந்த கன்னு. எறும்பு போறதுக்குக்கூட வழி கிடையாது. வைரஸ் எந்த வழியா வந்துச்சு, ரோட்டுல ட்ரோட்ரோ வேன் புடிச்சு வந்துச்சா? உங்க டெஸ்ட் சொல்றதப் பாத்தா எல்லாக் கன்னையும் கொளுத்தணும். நான் கொளுத்தட்டுமா?"

"கொளுத்தாதீங்க" என்றேன்.

பிற்பகல் வலைக்கூடத்துக்குப் போய் அந்தப் பழைய செடிகளின் இலைகளைப் பறித்தேன். பிப்ரவரியில் பறித்திருக்க வேண்டிய இலைகள்.

ஜூன் 4, புதன்

உண்டு.

எல்லாம் அப்படியே, ங்கோனோ சொன்ன ரகங்களில் மட்டும், அவர் சொன்ன துண்டு, எழுத்துக்கு எழுத்து. உயிருள்ள வைரஸ் ஒன்றுகூட இல்லை.

ஐயோ அந்தம்மா. ஐயோ என் தாயே. நல்ல மரத்தையெல்லாம் வெட்ட வெச்சுட்டேனே. நான் வெட்டலையே, நான் அருவாள் தொடலையேன்னு சொல்லிக்கலாம், சொல்லிக்கடி, பேராசிரியர்தானே நீ, எது வேணா சொல்லலாம்.

ஜூன் 6, வெள்ளி

ஆய்விதழிலிருந்து இரண்டு வரி. ங்கோனோ தன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கூடவே அவருடைய கடிதம்: ‘இரண்டாவது மதிப்பாய்வாளர் கேட்ட கூடுதல் பரிசோதனைகளைச் செய்ய இயலவில்லை. என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வெளிவந்த கட்டுரை இருந்தால்தான் புதுப்பிக்க முடியும் என்றார்கள்.’

டெட்டேயிடம் செடிகளின் முடிவைக் காட்டினேன், ங்கோனோவைப் பற்றிச் சொல்லாமல். வெளிறிய முகம் போய் ஆள் துள்ளிக் குதித்துவிட்டார். "ப்ரொஃப்! இது நோயே இல்ல, கண்டுபிடிப்பு! உடனே எழுதுங்க, வேற எவனாச்சும் முந்திக்கப் போறான். தன் டெஸ்ட்ல இருக்கற தப்பைத் தானே கண்டுபிடிச்சு எழுதின விஞ்ஞானின்னு உலகமே கொண்டாடும். பழைய பேப்பரை விட டபுளா மேற்கோள் வரும் பாருங்க!"

அவர் சொல்வது நிஜம். மதிப்பாய்வுக்கு வந்ததை வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி. ங்கோனோ கட்டுரை எந்த உலகத்திலும் இல்லை. எழுதினால் நான்தான் முதல்.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. இரண்டு பத்தி எழுதினேன். நன்றாக வந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது. மூன்றாவது பத்தியில் ங்கோனோவின் ஒரு வாக்கியம் அப்படியே என் கையில் வந்து விழுந்தது. நிறுத்தினேன்.

மதியம் குவாமெனா நிலக்கடலைக் குழம்போடு ஃபுஃபுக் களியைக் கொண்டுவந்து வைத்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படிவத்தில் ‘இல்லை’ என்று குறித்தது, இரண்டு கட்டுரையைச் சேர்க்கச் சொன்னது, பலகை, கிளை, வெள்ளைத் துணி. பாதியிலேயே அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். மனுஷர் எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பார். இன்று ஒன்றும் வரவில்லை.

"பிப்ரவரியிலயே உனக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

"ஆமா."

"அந்தம்மா வந்தது மார்ச்சுல."

"ஆமாங்க."

கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். இருட்டும் வரை திரும்பவில்லை. வந்ததும் சொன்னது இவ்வளவுதான்: "இன்னும் வெட்டிட்டுதானே இருக்கானுங்க? இங்க உக்காந்து என்ன பண்றே?"

ஜூன் 9, திங்கள்

நோய்த் தடுப்பு அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்துவிட்டேன்: வீக்கம் இல்லாத எந்த மரத்தையும் என் சோதனையை நம்பி வெட்டாதீர்கள். பழைய கட்டுரையைத் திரும்பப் பெறும்படி அது வெளிவந்த ஆய்விதழுக்கும் எழுதினேன். மதிப்பாய்வில் நான் மறைத்ததை அந்த இன்னொரு ஆய்விதழுக்கும்.

எங்கள் நிலைய இயக்குநர் கூப்பிட்டுக் கத்தினார். "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லிட்டுச் செய்யக் கூடாதா? தேங்க்ஸ்கிவிங்ல ஆடின சுளுக்கே எனக்கு இன்னும் விடல, அதுக்குள்ள பேப்பர் தப்புங்கறே! உன் பேரு மட்டுமா போகுது? நிலையத்தோட பேரும் சேர்ந்தில்ல போகுது!" நின்று வாங்கிக்கொண்டேன். கத்தியது ஒருவிதத்தில் இதமாகக்கூட இருந்தது. நாலு மாதமாக என்னை யாராவது திட்ட மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

யாவுண்டேயில் ங்கோனோவைப் பிடித்தேன். பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியையாக இருக்கிறார். இடைவேளை மணி அடிக்கும் சத்தம் ஃபோனில் கேட்டது. பிரெஞ்சு வாடை அடிக்கும் ஆங்கிலம்.

"நான்தான் அந்த இரண்டாவது மதிப்பாய்வாளர்" என்றேன்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ரெண்டு பேப்பரைச் சேர்க்கச் சொன்னீங்களே, ரெண்டும் உங்களோடது. உங்க பேப்பரைச் சேர்த்துக்கன்னு உங்களத் தவிர இந்த உலகத்துல யாருங்க கேப்பாங்க?" சிரித்தார். நல்ல சிரிப்பில்லை அது.

என் வலைக்கூட முடிவுகளைச் சொன்னேன். குழந்தைகள் கூச்சலுக்கு நடுவே, "ஆக, நான் சொன்னது சரி" என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. அழுகிறாரோ என்று நினைத்தேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

என் முடிவுகள் எல்லாவற்றையும் தருகிறேன், நீங்கள் முதல் பெயர், நான் கடைசிப் பெயர், சேர்ந்து வெளியிடலாம் என்றேன். பெருந்தன்மையாகப் பேசுகிறேன் என்ற நினைப்பு எனக்கு! படீரென்று வந்தது பதில்.

"உங்க பேரு எந்த இடத்துலயும் வேணாம். கடைசியில போட்டாலும் நாளைக்கு ஊரெல்லாம் என்ன சொல்லும்? ‘ஒஃபொசு தன் தப்பைத் தானே திருத்திட்டாங்க’ன்னு சொல்லும். நான் ‘பிறர்’ல போயிடுவேன். முடிவை அனுப்புங்க, வாங்கிக்கறேன். பேரை நீங்களே வெச்சுக்கங்க."

மூக்கை அறுத்தது போல் இருந்தது. அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ங்கோனோ கட்டுரை ஏற்கப்பட்டது. அவரே ஒரு வரி எழுதியிருந்தார், ‘தகவலுக்காக’ என்று. திரும்ப வேலைக்கு எடுப்பதைப் பற்றிப் பழைய லேபில் பேசிக்கொண்டிருக்கிறார்களாம், இன்னும் முடிவில்லை.

அக்ராவிலிருந்தும் கடிதம். என் பதவி ‘மறுபரிசீலனையில்’. லேபில் என்னை ப்ரொஃப் என்பதா டாக்டர் என்பதா என்று தெரியாமல் எல்லோரும் ‘மேடம்’ என்கிறார்கள்.

இதெல்லாம் செய்துவிட்டேன், எழுதிவிட்டேன், ஒப்புக்கொண்டுவிட்டேன். எல்லாம் காகிதத்தில். அப்ரெமாசுவுக்கு மட்டும் இன்னும் போகவில்லை. மழை, வண்டி ரிப்பேர், மீட்டிங். எனக்கா சாக்குக் கிடைக்காது?

செப்டம்பர் 6, சனி

போனேன். குவாமெனா வண்டி ஓட்டினார், ஊருக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். "இதுல நான் வரக் கூடாது" என்றார்.

முக்கு ரோட்டில் ஒரு பெண் அடுப்பு வைத்து வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். கொனாடு அம்மாவின் வீடு கேட்டேன். "எங்கம்மாதான்" என்றாள். பீட்ரிஸ். கல்லூரி என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கண்முன்னே தெரிகிறதே.

கொனாடு அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். நிழலில் பெஞ்சைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, எங்கள் வழக்கப்படி முறையாகக் கேட்டார்: "இங்க எல்லாரும் சுகம். நீங்க வந்த சேதி என்ன?" கன்றுகள் எப்போது வரும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

சொன்னேன். மரத்தில் நோய் இல்லை. சோதனை தப்பு. அதோடு முடித்திருக்கலாம். மீதியையும் சொன்னேன். "நீங்க என் அறைக்கு வந்த அன்னைக்கே எனக்குச் சந்தேகம் இருந்துச்சும்மா. பதவிக்காக வாயை மூடிக்கிட்டேன்."

அவர் கத்தவில்லை. கல்லைத் தூக்கி எறிவார் என்று நினைத்தேன், எறிந்திருக்கலாம். என் கையிலிருந்த தண்ணீர்க் குவளையை வாங்கி, மிச்சத் தண்ணீரை மண்ணில் கொட்டினார்.

"நான் போய்ச் சொன்னேனே" என்றார். "அவங்கல்லாம் மாட்டேன்னாங்க. நான் போய்ப் படம் போட்டுக் காட்டி வெட்ட வெச்சேன். இப்ப அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? சொல்லுங்க. படிச்சவங்கதானே, சொல்லுங்க."

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் அங்கேயே நின்றேன். கடைசியில் உள்ளேயிருந்து குரல் வந்தது: "நாளன்னிக்கு வாங்க. நான் போன வீட்டுக்கெல்லாம் நீங்களும் வரணும். நீங்கதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்."

செப்டம்பர் 8, திங்கள்

லீவ் போட்டுவிட்டுப் போனேன். கொனாடு அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னால் விறுவிறுவென்று நடந்தார், நான் பின்னால். வந்த சேதியை விருந்தாளிக்குப் பதிலாகக் கூட வந்தவர் எடுத்துச் சொல்வதுதான் எங்களில் மரியாதை. முதல் வீட்டுப் பெரியவர் கொனாடு அம்மாவைத்தான் பார்த்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சேதி இவங்களுது. இவங்களே சொல்லுவாங்க" என்றார்.

ஒரு வீட்டில் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஒரு வீட்டில் கேட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போய்விட்டார்கள், அது இன்னும் மோசம். ஓர் அம்மா என்னை விட்டுவிட்டுக் கொனாடு அம்மாவைப் பிடித்துக்கொண்டார்: "நீ மண்ணுல படம் வேற போட்டியேடி!" நான் குறுக்கே போய், "அவங்களுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும்" என்றேன். இதையும் சேர்த்துத்தான் இனி எல்லா வீட்டிலும் சொல்ல வேண்டும். முதலிலேயே சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

இன்றும் வீடு வீடாக. கொனாடு அம்மா இன்றும் பேசவில்லை. எனக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

செப்டம்பர் 20, சனி

ஊரின் கடைசிப் பக்கம். மழை பெய்து ஓய்ந்த சேறு. வழக்கம்போல அவர் முன்னால், நான் பின்னால். சந்து திரும்பும் இடத்தில் அவர் சட்டென்று நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் என்னிடம்தான் பேசினார்.

"அடுத்த வீட்டுக்காரருக்குக் காது கேக்காது. சத்தமாச் சொல்லணும்."

கிழவர் வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். தண்ணீர் வந்தது. என்ன சேதி என்று கையால் கேட்டார். சொன்னேன். காதருகே கையைக் குவித்து, "என்ன?" என்றார். கட்டிய தொண்டையோடு, எழுந்து நின்று, முழுவதையும் முதலிலிருந்து கத்திச் சொன்னேன். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.